கையில் பதிந்த பன்னம்

ஆயாம்மாவிடம் எதைக் கேட்டாலும் பதில் கிடைக்காது.

"ஆயாம்மா, இது என்னா?" என்று எதையாவது நீட்டினால், வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சொல்வார்: "நான் சொன்னா எனக்குத்தான் தெரியும். நீ தொட்டுப் பாத்துட்டு எனக்குச் சொல்லு."

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவை அவர் ஒருவர்தான் பார்த்துக்கொண்டார். விடிந்ததும் தாய்மார் எங்களை அங்கே விட்டுவிட்டு ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போவார்கள். கைக்குழந்தைகள் பழைய சேலைத் தொட்டில்களில் கிடப்பார்கள். நடக்கத் தெரிந்த நாங்கள் எட்டு ஒன்பது பேர். ஐந்து வயதான நான்தான் மூத்தவள். காம்பரா என்பது தகரக் கூரை போட்ட ஒரே அறை. வாசலில் ஒரு கதவு. பிள்ளைகள் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது என்பது தோட்டத்தின் சட்டம். வெளியே அட்டை, பாம்பு, ஓடை. ஓடைக்கரையில் மாணிக்கக் கல்லுக்காக வெட்டி, ஒன்றும் கிடைக்காமல் கைவிட்ட குழிகள்.

ஆயாம்மா அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மதித்ததில்லை.

கூரைத் தண்ணீர் படாத சுவரோரத்துப் புழுதியில் சின்னச் சின்னப் புனல்களாகக் குழிகள் இருக்கும். "இது யாரு வீடு?" என்று என்னைக் கேட்டார். நான் குந்தியிருந்து, புல் நுனியால் குழியின் ஓரத்தைச் சீண்டி, கடைசியில் மண் நிறத்தில் ஒரு பூச்சியை உள்ளங்கையில் எடுத்தேன். அது முன்னால் நகராமல் பின்பக்கமாகவே நடந்தது.

"ஆயாம்மா! இது பின்னாலயே நடக்குது!"

"போ புள்ள, பொய் சொல்லாத. பின்னால நடக்குற பூச்சியும் இருக்கா?"

"சத்தியமா. இங்க பாருங்க!"

குனிந்து பார்த்தார். "அட ஆமா! எனக்கு இந்த வயசு வரைக்கும் தெரியாதே!"

அன்று மாலை எங்கள் லயத்து வீட்டுக்கு நான் நடந்து போன நடையைப் பார்த்து அம்மா, "என்னாடி, தொரைசானி மாதிரி வர்ற?" என்று கேட்டாள். பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்தவள் வேறு எப்படி நடப்பாள்? எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் முடித்தவள் நான். சாதாரணதரம், உயர்தரம், அப்புறம் இரத்தினபுரியில் முன்பள்ளி ஆசிரியைக்கான டிப்ளோமா. அந்தப் படிப்பின் முதல் நாளை யாராவது கேட்டால் அந்தப் புழுதிச் சுவரைத்தான் சொல்லுவேன்.

ஆயாம்மாவுக்குப் பயம் என்று ஒன்று கிடையாது என்று நினைத்திருந்தோம். ஒரு பையன் காலில் அட்டை ஏறி அவன் கத்திக் குதித்தபோது, அவர் சவுக்காரத் துண்டை எடுத்துக்கொண்டு மெதுவாக வந்தார்.

"ஏன்டா கத்துற? அதுக்குப் பசிக்காதா? நீ மட்டும் காலையில பால் குடிக்கலாமா?"

அவன் அழுகையை நிறுத்திவிட்டு அட்டையைப் பார்த்தான். "ஆயாம்மா, இது குண்டாவுது."

"ஒன்ன விட நல்லாச் சாப்புடுது. வெக்கமா இல்ல ஒனக்கு?"

அதன் பிறகுதான் சவுக்காரம் வைத்தார்.

பத்து மணிக்குச் சத்துமா உருண்டை தின்று முடித்து, தொட்டில் பிள்ளைகள் உறங்கியதும், கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் கயிற்றை எடுப்பார். அது கயிறு அல்ல. நைந்து போன தொட்டில் சேலையை முறுக்கி, ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முடிச்சு. முன் நுனி அவர் கையில். முதல் முடிச்சு எனக்கு. கடைசி முடிச்சு சுமதிக்கு. அவளுக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை. எதையும் தொடாதே என்று சொல்லாதவர், ஒன்றை மட்டும் தினமும் சொல்லுவார்: "முடிச்ச விடக் கூடாது. விட்டா நான் ஒனக்கு ஆயாம்மா இல்ல."

அப்படியே வரிசையாகச் சரிவில் இறங்கி ஓடைக்கரைக்குப் போவோம். கூப்பிடு தூரம்தான். தொட்டில் பிள்ளை அழுதால் கேட்கும் என்பார். வெயில் நாட்களில் ரப்பர்க் காய்கள் உச்சியில் பட்டென்று வெடித்து, கொட்டைகள் சருகில் விழும் இடத்தைத் தேடி ஓடுவோம். கொட்டையைக் கல்லில் உரசிச் சூடாக்கி அடுத்தவன் தொடையில் வைப்போம். அவர் கேட்பார்: "கல்லு சுடல, கொட்ட சுடல, ரெண்டையும் ஒரசுனா மட்டும் ஏன் சுடுது? யாருக்குத் தெரியும்?" யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது என்பார்.

எல்லாவற்றையும் விட எங்களுக்குப் பிடித்தது பன்னம். கரையின் ஈர மண்ணில், பன்னம் என்று நாங்கள் சொல்லும் ஒரு வகைப் பெரணி முளைக்கும். மேலே பச்சை. புரட்டினால் அடிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி. அதை முன்கையில் வைத்து ஓங்கி ஒரு அடி அடித்து எடுத்தால், இலை நரம்பு உட்பட அப்படியே வெள்ளை அச்சாகத் தோலில் பதிந்துவிடும். கறுத்த கையில்தான் அது எடுப்பாகத் தெரியும். "பாத்தீங்களா? வெள்ளையா இருக்குற தொரைமாருக்கு இந்தப் பவுசு கெடைக்குமா?" என்று சிரிப்பார். திரும்பும்போது எங்கள் எல்லோர் கையிலும் பன்னம் இருக்கும்.

வெல்பெயார் மாத்தயா என்று நாங்கள் சொல்லும் நலன்புரி உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வருவார். எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. அதற்கு ஆயாம்மா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். கரைக்குப் போனதும் என்னை மட்டும் முடிச்சிலிருந்து விடுவித்து, பாதையின் வளைவு தெரியும் பாறையில் ஏற்றிவிடுவார். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நான் கத்த வேண்டியது: "ஆயாம்மா, பால் பொங்குது!" உடனே எல்லோரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடுவோம். அவர் ஈரத் துணியால் ஒவ்வொரு காலாகத் துடைத்து உள்ளே தள்ளுவார். மாத்தயா வரும்போது பாயில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருப்போம்.

"மாத்தயா கேட்டா என்னா சொல்லணும்?"

"உள்ள இருந்தோம்!"

"இன்னொரு தரம்."

"உள்ள இருந்தோம்!"

கண்ணால் பார்க்காததைச் சொல்லாதே என்று பழக்கியவர், இந்த ஒரு பொய்யையும் அதே அக்கறையோடு பழக்கினார். எங்களுக்கு அதில் பிழை தெரியவில்லை. அது அவருக்கும் எங்களுக்கும் இடையிலான ரகசியம். பெரியவர் ஒருவரின் ரகசியம் என் வாயில் பத்திரமாக இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமைதான்.

அன்று தூறல். பன்னம் பதித்த கையோடு நான் பாறையில் நின்றேன். வளைவில் சத்தம் கேட்டது. "பால் பொங்குது!" என்று கத்திவிட்டு இறங்கி ஓடினேன். ஆயாம்மா முன் நுனியை இழுத்துக்கொண்டு ஏறினார். மண் வழுக்கியது. நான் கயிற்றின் பின்னால் வந்து சேர்ந்தபோது கடைசி முடிச்சில் யாரும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். சுமதி ஓடைக்கரையில் பன்னத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆயாம்மா, சுமதி விட்டுட்டா!"

அவர் திரும்பிப் பார்த்தார். இதை நான் நிச்சயமாகச் சொல்லுவேன். சுமதியைப் பார்த்தார், மேலே பாதையைப் பார்த்தார்.

"நட, நட. அவரு வந்துட்டாரு. அப்பறமாப் போயி தூக்கிக்கலாம்."

மற்றவர்களின் கால்களைத் துடைத்தார். என் முறை வருவதற்குள் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றுவிட்டது. நான் சேற்றுக் காலோடு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பாடினோம். மாத்தயா தொட்டில்களைப் பார்த்தார், சுவரில் பிள்ளைகளின் நிறை எழுதிய அட்டைகளைப் பார்த்தார். ஆயாம்மா அடுப்பில் பாலை வைத்துக் கிண்டினார். எனக்குப் பாட்டு வரவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஓடைப் பக்கமிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. "லமயெக் வெட்டிலா! லமயெக் வெட்டிலா!" பிள்ளை விழுந்துவிட்டது என்று சிங்களத்தில் கத்தினார், அந்தப் பக்கம் குழி வெட்டும் மனிதர். கைவிட்ட குழியிலிருந்து சுமதியை அவர்தான் குதித்துத் தூக்கியிருந்தார். குழியில் பாதி தண்ணீர். பிள்ளைக்கு மூச்சு இருந்தது. வலது கால் தொடையோடு மடங்கித் தொங்கியது. தோட்டத்து லொறியில் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பிற்பகல் ஆபீஸ் வாசலில் விசாரணை. மலையிலிருந்து இறங்கிய தாய்மார் வரிசையாக நின்றார்கள். தூறல் காற்றுக்கு ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையை முந்தானைக்குள் மூடிப் பிடித்திருந்தாள். என்னை மட்டும் முன்னால் கூப்பிட்டார்கள். ஏன் என்று தெரியவில்லை. ஆயாம்மா ஏற்கெனவே உள்ளே போய் ஏதோ சொல்லிவிட்டு வந்து சுவரோடு நின்றார்.

மாத்தயா குந்தியிருந்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "பயப்பட வேணாம். காலைல நீ எங்க இருந்த?"

ஆயாம்மாவைப் பார்த்தேன். ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டிய நேரம் இதுதான் என்று எனக்குப் புரிந்தது. உரத்துச் சொன்னேன்.

"உள்ள இருந்தோம்!"

மாத்தயா என் கால்களைப் பார்த்தார். முழங்கால் வரை காய்ந்த சேறு. எழுந்து நின்று பெருமூச்சு விட்டார்.

"பாருங்க மாத்தயா," என்றார் ஆயாம்மா. "நான் பால் காய்ச்சிக்கிட்டிருந்தேன். இவதான் கதவத் தெறந்து அந்தப் புள்ளய கூட்டிட்டுப் போயிருக்கா. அங்கயே விட்டுட்டு வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி ஒக்காந்திருக்கா. சின்னப் புள்ளதான், ஆனா கெட்டிக்காரி. வாயத் தெறந்தாப் பொய்."

எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாத ஆயாம்மா, தானாக வாய் திறந்து சொல்லிக் கொடுத்த ஒரே செய்தி என்னைப் பற்றியது.

அம்மா கூட்டத்திலிருந்து வந்தாள். இடது கையால் என் முன்கையை இறுகப் பிடித்துக்கொண்டு வலது கையால் அடித்தாள். எல்லோரும் பார்க்க அடித்தாள். சுமதியின் அம்மாவின் முன்னால் என்னைக் குனிய வைத்து, "மன்னிச்சிருங்கன்னு சொல்லுடி," என்றாள். சொன்னேன்.

மறுநாள் காம்பராவுக்குப் போனபோது கதவின் உச்சியில் புதுக் கொண்டி இருந்தது. கயிற்றைக் காணவில்லை. பத்து மணிக்கு ஆயாம்மா எனக்கு இரண்டு உருண்டை கொடுத்தார். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். நான் இரண்டையும் தின்றேன்.

அதன் பிறகு அவர் பிள்ளைகளை ஒரு நாளும் வெளியே கூட்டிப் போகவில்லை. ஓய்வு பெறும் வரை பத்துப் பன்னிரண்டு வருடம் அந்தக் கொண்டியைப் போட்டுக்கொண்டே உள்ளே இருந்தார். வேலைக்காகச் சொன்ன பொய் என்று என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. எதற்காக அந்த வேலையோ, அதையே விட்டுவிட்டாரே என்பதுதான் புரியவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனேன். "குழியில தள்ளுனவ" என்ற பெயரும் கூடவே வந்தது. குழாயடியில் சுமதியின் அம்மா என்னைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நிற்பார். உயர்தரம் பாஸாகி வந்த நாளில் லயத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள்; அவர் வரவில்லை. சுமதி இப்போது இரத்தினபுரியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். படி ஏறும்போது மட்டும் அந்தக் கால் தெரியும்.

டிப்ளோமா வகுப்பில் ஒரு நாள், சிறு பிள்ளைகள் வெளியில் விளையாடிக் கற்பது பற்றிப் பாடம். பதிலைச் சொல்லாதீர்கள், பிள்ளை தொட்டுப் பார்க்கட்டும். தெரிந்தாலும் தெரியாதவர் போலக் கேளுங்கள் என்றார் விரிவுரையாளர். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். பக்கத்தில் இருந்தவள், "நீ ஏன் எழுதல்ல?" என்றாள். "எனக்குத் தெரியும்," என்றேன். அப்போதுதான் அந்தப் பூச்சி நினைவுக்கு வந்தது. "எனக்கு இந்த வயசு வரைக்கும் தெரியாதே!" அவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறார். எவ்வளவு நல்ல ஆசிரியை என்று நெஞ்சு நிறைந்தது. எவ்வளவு நன்றாக நடிக்கத் தெரிந்தவர் என்று அடுத்த நொடியே அது வற்றியது.

போன வருடம் எங்கள் தோட்டத்தில் பழைய காம்பராவை இடித்துப் புதுச் சிறுவர் நிலையம் கட்டினார்கள். முன்பள்ளி ஆசிரியையாக என்னைப் போட்டார்கள். திறப்பு விழாவில் ஆயாம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தி கௌரவிப்பது என்று முடிவானது. அவரைப் பற்றி ஐந்து நிமிடம் தமிழிலும் சிங்களத்திலும் பேச வேண்டியது நான்.

மூன்று நாள் யோசித்தேன். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை; அது அந்த இடத்துக்கு அழகும் இல்லை. ஆனால் அம்மாவும் சுமதியின் அம்மாவும் முன் வரிசையில் இருப்பார்கள். நான் கதவைத் திறக்கவில்லை என்பது அந்த இரண்டு பேருக்காவது தெரிய வேண்டும். வழி ஒன்றுதான் இருந்தது. அவரை மனமாரப் புகழ்வது.

புகழ்ந்தேன். புழுதிக்குழி, ரப்பர்க் கொட்டை, பசித்த அட்டை எல்லாவற்றையும் சொன்னேன். ஜனங்கள் சிரித்தார்கள். தொட்டில் சேலையில் முடிச்சுப் போட்டு ஒவ்வொரு நாளும் எங்களை ஓடைக்கரைக்குக் கூட்டிப் போவார் என்றேன். இன்று பெரிய படிப்புப் படித்தவர்கள் சொல்வதை இந்த அம்மா இருபது வருடத்துக்கு முன்பே இந்த மலையில் செய்து காட்டினார் என்றேன். கைதட்டினார்கள். சுமதியின் அம்மா தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயாம்மா எழுந்தார். சின்ன உருவமாகிவிட்டார். பொன்னாடை தோளிலிருந்து நழுவியது. ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அவர் ஒரே ஒரு சொல் சொன்னால் போதும் என்று நான் காத்திருந்தேன். ஆமாம் என்ற சொல். வேலை போய்விடும் என்ற பயம் இனி இல்லை. பென்சன் பணம்கூட வாங்கியாகிவிட்டது.

"டீச்சர் எங் கையில வளந்த புள்ள," என்றார். "நல்லாப் படிச்ச புள்ள. அது படிச்சதெல்லாம் நான் செஞ்சதா நெனச்சுச் சொல்லுது. பெரிய மனசு. ஆனா நான் ஒரு நாளும் புள்ளைகள வெளிய கூட்டிட்டுப் போனதில்லைங்க. என் காலத்துல கதவு எப்பவும் பூட்டித்தான் இருக்கும்."

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அவருடைய பணிவுக்குத் தட்டினார்கள். அவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகை எனக்குத் தெரியும். பின்னால் நடக்கும் பூச்சியைப் பார்த்து ஆச்சரியப்பட்ட அதே முகம்.

கூட்டம் கலைந்து, அம்மாவும் நானும் லயத்துக்கு இறங்கினோம். பாதி வழியில் எனக்குத் தாங்க முடியவில்லை.

"அம்மா, நான் பொய் சொல்லல. அன்னைக்கும் கதவத் தெறந்தது நான் இல்ல. ஆயாம்மாதான் எங்களக் கூட்டிட்டுப் போனாங்க. தெனமும் போனோம்."

"தெரியும்," என்றாள் அம்மா.

நான் நின்றுவிட்டேன்.

"எங்களுக்குத் தெரியாதா? சாயங்காலம் சாயங்காலம் ஒங் கையில இருந்த வெள்ளையக் கழுவுனது யாரு?" அம்மா நிற்காமல் நடந்தாள். "எல்லாப் புள்ள கையிலயும் இருந்துச்சு. அன்னைக்கு ஆபீஸ் வாசல்ல அவங்கவங்க புள்ள கைய முந்தானையில மூடிக்கிட்டுத்தான நின்னோம். ஒன் கைய மூட ஆளில்ல. ஓடி வந்து புடிச்சு அழிச்சேன்."

"அழிச்சிட்டு அடிச்சியா?"

"அவள வேலைய விட்டு நிறுத்துனா வேற ஆளு வர்ற வரைக்கும் காம்பராவப் பூட்டிருவாங்க. கைப்புள்ளைகள வச்சிக்கிட்டு யாரு மலைக்குப் போறது? ஒனக்கு அஞ்சு வயசு. ஒன்ன எந்த வேலையில இருந்து நிறுத்த முடியும்?"

"சுமதி அம்மாவுக்கும் தெரியுமா?"

"அவ புள்ள கையிலயும்தான் இருந்துச்சு. ஆஸ்பத்திரியில வச்சுக் கழுவியிருப்பா." அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "அவளுக்கும் யாரு மேலயாவது கோவப்படணும்ல."

இத்தனை வருடமும் ஒருவரிடம் மட்டும் நான் ஏமாந்தேன் என்று எண்ணியிருந்தேன்.

மறுநாள் காலை நிலையத்தின் தினப் பதிவேட்டில், 'பத்து மணி, பிள்ளைகளோடு ஓடைக்கரைக்குச் செல்கிறோம், பொறுப்பு நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். உதவியாளரிடம் கைக்குழந்தைகளை ஒப்படைத்துவிட்டு, முடிச்சுப் போட்ட கயிற்றோடு பதினொரு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். குழிகளை இப்போது மூடிவிட்டார்கள். பன்னம் அங்கேயேதான் முளைத்திருக்கிறது.

மாலையில் வீட்டுக்குப் புறப்படும் நேரம், கையில் வெள்ளைப் பன்னம் பதிந்த ஒரு பிள்ளை குழாயடிக்கு ஓடி, பழக்கம் போலக் கையை நீட்டியது.

"கழுவாத," என்றேன். "அப்படியே போ. போயி அம்மாகிட்ட காட்டு."